திங்கட்கிழமை ஓடாத டாக்ஸி

சாவ்கார் சிவானந்த கெம்பள்ளி தன் மேஜைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று தார்வாட் பேடா இனிப்புப் பெட்டி. மற்றொன்று, தலையில் போட்டால் ஆளே காலியாகிவிடும் அளவுக்குத் தடிமனான ஒரு ஸ்பைரல் பைண்டிங் புத்தகம்.

ஈரண்ணா பேடாவை எடுத்தான். வத்சலா இனாம்தார் புத்தகத்தை எடுத்தாள். துப்பறியும் நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்வது இப்படித்தான்.

புத்தகம் சாவ்காரின் மகன் வினய் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமர்ப்பித்த கம்ப்யூட்டர் புராஜெக்ட். டாக்ஸி வாடகைக்கு விடும் புரோகிராம். வகுப்பிலேயே முதலில் கொடுத்தவன் அவன்தான். ஒரு வாரம் கழித்து நீலம்மா என்ற பெண் தன்னுடையதைக் கொடுத்தாள். நவலகுந்த ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி, விவசாயி மகள். வாத்தியார் தேஷ்பாண்டே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வரிக்கு வரி பெரும்பாலும் ஒன்று.

முதலில் கொடுத்தவன் எழுதியவன், பிறகு கொடுத்தவள் திருடியவள். அந்தப் பள்ளிக்கூடத்தில் வழக்கமாக எடுக்கும் முடிவு இது. ஆனால் தேஷ்பாண்டே இளகிய மனசுக்காரர். நீலம்மாவின் சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போடவும் இல்லை, போடமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. நாளைக் காலையில் வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் தேர்வாளர் வருகிறார். வாத்தியார் கையெழுத்து இல்லாத புராஜெக்டை எக்ஸ்டர்னல் தொடமாட்டார். புராஜெக்ட் இல்லையென்றால் செய்முறைத் தேர்வு போச்சு. அதோடு வருஷமும் போச்சு. வருஷம் போனால் அவள் அப்பா இன்னொரு முறை பஸ் பாஸ் எடுத்துத் தரப்போவதில்லை.

"அவதான் எடுத்தாள்னு நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்துட்டா, அவருக்கும் தெம்பு வந்துடும்" என்றார் சாவ்கார். பள்ளிக்கூடத்தின் டிரஸ்டியும் அவரேதான்.

"எடுத்திருந்தா எழுதிக் குடுக்கறேன், சாவ்கார். எடுக்கலைன்னாலும் எழுதித்தான் குடுப்பேன்" என்றாள் வத்சலா.

"எடுக்காம எப்படி ஒரே மாதிரி வரும்?" என்று அவர் பேடாப் பெட்டியை வத்சலா பக்கம் நகர்த்தினார். பெட்டி லேசாக இருந்தது. ஈரண்ணா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகனின் புரோகிராமில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தன்னுடைய டிராவல்ஸ் ஆபீஸிலேயே இரண்டு வாரமாக அதை ஓடவிட்டிருந்தார். "நீங்களே ஒரு டாக்ஸி புக் பண்ணிப் பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

வத்சலா பெலகாவிக்கு, இன்றைய தேதிக்கு, ஒரு டாக்ஸி கேட்டாள். 'இன்று வண்டி கிடையாது' என்றது திரை. ஜன்னலுக்கு வெளியே முற்றம் நிறைய டாக்ஸிகள் வெயிலில் நின்றன. அவற்றின் டிரைவர்கள் மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரத் தேதி ஒன்று போட்டாள். கிடைத்தது. அதற்கு முந்தின நாள். கிடையாது. காலண்டரைப் பார்த்தாள். கிடையாது என்ற இரண்டு நாளும் திங்கட்கிழமை.

"அதுவா" என்று சாவ்கார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பொண்ணு திருடும்போது உள்ளே என்னமோ பண்ணிட்டுப் போயிருக்கா."

இன்னொன்றும் இருந்தது. ஒரு வண்டி கேட்டால் கையிருப்பில் இரண்டு குறைந்தது. போன வாரம் ஒரு டாக்டர் ஹம்பிக்குக் கார் கேட்டார். வாசலில் இரண்டு போய் நின்றது. டாக்டர் மாமியாரை இரண்டாவதில் ஏற்றிவிட்டு, இதுவரை இவ்வளவு நிம்மதியாக ஹம்பி போனதே இல்லை என்று போன் போட்டு நன்றி சொன்னாராம்.

வெளியே வந்ததும் ஈரண்ணா கேரம் பலகைப் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்தான். ஹனுமந்து என்ற மூத்த டிரைவர் காயைச் சுண்டியபடியே, மரியாதைக்கு ஒரு 'ரீ' போட்டுச் சொன்னார்: "வினய் பெரிய ஆளா வருவாரு ரீ. கல்யாணமான நாள்லேருந்து பொண்டாட்டி மூஞ்சிய ராத்திரி லைட்லதான் பாத்திருக்கேன். இப்பதான் வாரத்துல ஒரு நாள் பகல்ல பாக்கறேன்."

"எப்படி இருக்காங்க?"

"பரவால்ல."

பள்ளிக்கூடத்தில் தேஷ்பாண்டே புராஜெக்ட் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் இடது கையில் வைத்து எடை பார்த்தார். அட்டை, சான்றிதழ்ப் பக்கம், அப்பா அம்மாவுக்கும் பிரின்சிபாலுக்கும் நன்றி, கலரில் திரைப் படங்கள், கடைசியில் பார்த்த புத்தகங்களின் பட்டியல். எல்லாம் வரிசையாக இருந்தால் பேனா தானாக எழுதியது. புரோகிராமை ஓட்டிப் பார்ப்பீர்களா என்று வத்சலா கேட்டாள். நாற்பது பிள்ளைகள், ஆய்வகத்தில் உயிரோடு இருப்பது ஆறு கம்ப்யூட்டர், இதில் எங்கே ஓட்டுவது என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

நீலம்மாவின் புராஜெக்டைக் காட்டமுடியவில்லை. கையெழுத்துப் போடாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "அதுவும் வாடகை விடறதுதான் ரீ. மெலிசா இருந்தது. அட்டையில பேரைக் கையால எழுதியிருந்தா."

வினய் வராந்தாவில் கிடைத்தான். களையான முகம், சிரித்த வாய். திங்கட்கிழமை ஏன் டாக்ஸி இல்லை என்று வத்சலா கேட்டதற்கு, பெட்ரோல் சிக்கனம் என்றான்.

"ஒண்ணு கேட்டா ரெண்டு வருதே, அது?"

"ஒண்ணு ஸ்பேர், ஆன்ட்டி."

"தம்பி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷமாவது யோசிச்சிருக்கலாம்" என்றான் ஈரண்ணா. "மொதல் பதில்ல மிச்சம் பிடிச்ச பெட்ரோலை ரெண்டாவதுல கொட்டிட்டியே."

பையன் தன்னையறியாமல் சிரித்துவிட்டான். வத்சலா அதற்குமேல் அவனைக் கேட்கவில்லை. கையில் இருந்த தடிப் புத்தகத்தின் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பைண்டிங் சுருள் மயில் கழுத்து நிறம். மற்றப் பிள்ளைகளின் புத்தகமெல்லாம் கறுப்புச் சுருள்.

மயில் கழுத்துச் சுருள் போடுகிற ஜெராக்ஸ் கடை ஊரில் ஒன்றே ஒன்று. கல்லப்பாவின் கடை.

ஈரண்ணா உள்ளே போய், தன் பையனுக்குப் புராஜெக்ட் வேண்டும் என்றான். பையன் எந்த வகுப்பு என்று கல்லப்பா அவனுடைய இளம் மீசையைச் சந்தேகமாகப் பார்த்துக் கேட்டான். எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே கல்யாணம் என்று ஈரண்ணா கூசாமல் சொன்னான். கல்லப்பா தட்டிலிருந்து நாலு புத்தகத்தை எடுத்துப் பரப்பினான். டாக்ஸி, ஷாமியானா, சைக்கிள், கல்யாண மண்டபம். எல்லாம் வாடகை. எது வேண்டுமோ பெயரை மாற்றி மறுநாளே பைண்டிங்கோடு தருவானாம். வகுப்பில் முதலில் கொடுத்துவிடலாம், வாத்தியார்களுக்கு அது பிடிக்கும்.

வத்சலா கல்யாண மண்டபத்தை ஓட்டச் சொன்னாள். திங்கட்கிழமை முகூர்த்தம் கேட்டால் மண்டபம் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒன்று கேட்டால் இரண்டு குறைந்தது.

"இது நல்ல ஏற்பாடு" என்றான் ஈரண்ணா. "பொண்ணு வீட்டுக்கு ஒரு மண்டபம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மண்டபம். சாப்பாட்டுச் சண்டையே வராது."

கல்லப்பாவுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. வாங்கினவர்கள் வந்து புலம்பியிருக்கிறார்கள். "அந்த ரெண்டு வரியில மட்டும் கை வைக்கக்கூடாது ரீ. ஒரு தடவை வெச்சேன், மொத்தமும் படுத்துடுச்சு. பெங்களூர் கம்பெனி சரக்கு. அவங்க ஏதோ காரணமாத்தான் போட்டிருப்பாங்க."

எந்தக் கம்பெனி என்று கேட்டால் மட்டும் அவனுக்கு மறதி வந்துவிட்டது. கிராமத்துப் பெண் யாராவது வாங்கினாளா என்று கேட்டதற்கு, பெண்களும் வருவார்கள், யாரென்று நினைவு வைப்பது என்று கையை விரித்தான்.

ஸ்கூட்டரில் ஏறும்போது ஈரண்ணாவின் முகம் தொங்கியிருந்தது. "அக்கா, சாவ்கார் பையன் இங்கதான் வாங்கியிருக்கான். சரி. ஆனா அந்தப் பொண்ணும் இங்கயே வாங்கியிருந்தா? ரெண்டு பேரும் திருடங்கன்னு ரிப்போர்ட் குடுக்கணும். சாவ்கார் பையனுக்கு எப்படியாவது கையெழுத்து விழுந்துடும். அவளுக்கு?"

வத்சலா வண்டியை நவலகுந்த ரோட்டுக்குத் திருப்பினாள்.

ஊர் எல்லை தாண்டியதும் ஈரண்ணாவுக்குப் பசித்தது. ரோட்டோரக் கடையில் கிர்மிட் என்ற காரப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். எதிரே கரிசல் காடு. கடலைச் செடி பிடுங்கிக் குவியல் குவியலாகக் கிடந்தது. ஏற்றிப்போக ஆளில்லை. கடைக்குப் பின்னால் ஒரு கட்டை வண்டி நுகத்தடி மண்ணில் ஊன்றி நின்றது. பக்கத்தில் குளிப்பாட்டி, நெற்றியில் விபூதி பூசிய மாடுகள் இரண்டு, வேலை வெட்டி இல்லாத பெரிய மனுஷர்களைப் போல அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அவசரமாக இருந்தால் வண்டியைப் பூட்டலாமே என்று வத்சலா கடைக்காரரிடம் சும்மா கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி பஜ்ஜி பக்கம் திரும்பிக்கொண்டார்.

வத்சலாவின் கை கிர்மிட் பொட்டலத்தில் அப்படியே நின்றது.

திங்கட்கிழமை காளைத் தெய்வமான பசவண்ணனின் நாள். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் யாரும் மாட்டின் கழுத்தில் நுகம் வைப்பதில்லை. இது வத்சலாவுக்குத் தெரியாத விஷயமில்லை. ஈரண்ணாவுக்கும், சாவ்காருக்கும், கல்லப்பாவுக்கும் தெரியாத விஷயமில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டருக்குள் தேட யாருக்கும் தோன்றவில்லை.

"ஈரண்ணா, திங்கட்கிழமை வேலைக்கு வராது, ஒண்ணு கேட்டா ரெண்டாத்தான் வரும். அது என்ன?"

ஈரண்ணா வாயில் பஜ்ஜியோடு மாடுகளைப் பார்த்தான். மாடுகள் அவனைப் பார்த்தன.

"அக்கா, டாக்ஸி இல்ல இது. மாட்டு ஜோடி."

"பெங்களூர் கம்பெனிக்காரன் எவனும் மாட்டுக்கு லீவு விட்டுப் புரோகிராம் எழுதமாட்டான். இதை எழுதினது இந்த ரோட்டுல இருக்கற யாரோ. நீலம்மா வீட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டு ஜோடி வாடகை இருந்ததுன்னா, கேஸ் முடிஞ்சது."

மீதி வழி முழுவதும் ஈரண்ணா பாடிக்கொண்டே வந்தான்.

நீலம்மா வீட்டுக் கூடத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் சாவ்கார் அனுப்பியவர்கள் என்று கேட்டதும் அவள் முகம் இறுகியது. "இன்னும் என்ன விசாரிக்கணும்? திருடின்னு ஒரு தடவை சொன்னா எனக்குக் காது கேக்கும்."

அவள் அப்பா நிங்கப்பா உள்ளேயிருந்து, வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல் யவ்வா என்று குரல் கொடுத்தார். அவள் உட்காரச் சொன்னாள். ஆனால் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. புரோகிராமைப் பார்க்கவேண்டும் என்றதும், மூலை உடைந்த பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து படக்கென்று வைத்தாள்.

திரையில் வந்தது டிராக்டர் வாடகை.

வத்சலா இன்றைய தேதியைப் போட்டாள். 'டிராக்டர் தயார். எத்தனை ஏக்கர்?' என்றது. ஒன்று கேட்டாள். ஒன்றுதான் குறைந்தது. அடுத்த திங்கட்கிழமை. தயார். அதற்கடுத்தது. தயார்.

ஈரண்ணா மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நம்ம மாடு படுத்துடுச்சு."

திங்கட்கிழமை இல்லை. ஜோடி இல்லை. எதை நம்பி வந்தார்களோ அந்த இரண்டும் வினயின் புரோகிராமில் இருக்கின்றன; இவளுடையதில் இல்லை. இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் சாவ்கார் பேடாவோடு பூமாலையும் அனுப்புவார்.

வத்சலா திரையை விட்டு நீலம்மா பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "நீலம்மா, உங்க டிராக்டர் திங்கட்கிழமையும் ஓடுமா?"

"ஏன் ஓடாது? அதுக்கு யாரு விபூதி பூசினாங்க?"

"டிராக்டர் எப்ப வந்தது?"

"தீபாவளிக்கு."

"அதுக்கு முன்னாடி அப்பா எதை வாடகைக்கு விட்டாரு?"

நீலம்மா நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, புரோகிராமுக்குள் விறுவிறுவென்று கீழே போய், இரண்டு வரிகளைக் காட்டினாள். இரண்டின் முன்னாலும் ஒரு ஹேஷ் குறி இருந்தது. அந்தக் குறி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போய்விடும்.

"இது திங்கட்கிழமைக்கு. இது ஜோடிக்கு. போன வருஷம் மாடு வாடகைக்கு விட்டப்ப அப்பாவுக்காக எழுதினது. டிராக்டர் வந்தப்புறம் இந்த ரெண்டையும் தூங்க வெச்சுட்டேன். அழிக்க மனசு வரல."

"மாடுங்க?"

"கொல்லையில இருக்கு. அப்பா விக்கமாட்டேன்னுட்டாரு. இப்ப அதுங்களுக்குத் தினமும் திங்கட்கிழமைதான்."

இதை வாத்தியாரிடம் சொல்லவில்லையா என்று ஈரண்ணா கேட்டான். நான்தான் எழுதினேன் என்று சொன்னாளாம். ஆதாரம் எங்கே என்றார்களாம். பழைய பென் டிரைவில் அவள் அண்ணன் சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டான். வினயின் புரோகிராமை அவள் கண்ணிலேயே காட்டவில்லை; திருடினவளுக்கு எதற்குக் காட்டவேண்டும் என்றார்கள். போன வருஷம், மாடு வாடகை விவரத்தைச் சுவரில் ஒட்ட அப்பாவுக்கு ஒரு பிரதி எடுக்கப் போனபோது, அந்தப் பென் டிரைவ் கல்லப்பா கடையில் அரைமணி நேரம் கிடந்தது.

"அங்க ஒரு தடவை செருகினா, பொருள் நம்மகிட்டயும் இருக்கும், அவன்கிட்டயும் இருக்கும்" என்றான் ஈரண்ணா. "அவனுக்கு ரெண்டு வரி மட்டும் புரியல. தொட பயம். அதனாலதான் சாவ்கார் டாக்ஸி திங்கட்கிழமை ஓடறதில்ல."

நீலம்மா கடலைக்காயைக் கீழே வைத்தாள். "டாக்ஸி ஓடறதில்லையா?"

"ஒண்ணு கேட்டா ரெண்டு வருது."

அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். டாக்ஸிக்கு விபூதி, டாக்ஸிக்கு விபூதி என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உள்ளேயிருந்து நிங்கப்பா, என்ன யவ்வா, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். பல நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

நீலம்மாவையும் அழைத்துக்கொண்டு அவர்கள் பள்ளிக்கூடம் திரும்பியபோது, மறுநாள் தேர்வுக்காகப் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வகத்தில் தேஷ்பாண்டேயும், வத்சலா போனில் வரச் சொன்ன சாவ்காரும் வினயும் காத்திருந்தார்கள். வத்சலா நடந்ததைச் சொன்னாள். சாவ்கார் லேசில் மசியவில்லை. பையனுடையதைப் பார்த்து எழுதிவிட்டு, வேண்டுமென்றே இரண்டு ஹேஷ் போட்டு வைத்திருக்கலாமே என்றார்.

"இருக்கலாம். அதனால நீங்க யாரையும் நம்பவேணாம், சாவ்கார். சார் ஆளுக்கு ஒரு வேலை குடுக்கட்டும். வினய் அவன் டாக்ஸியைத் திங்கட்கிழமை ஓடவைக்கணும். நீலம்மா அவ டிராக்டருக்குத் திங்கட்கிழமை லீவு விடணும். புத்தகத்தைத் திறக்கக்கூடாது."

தேஷ்பாண்டே தலையை ஆட்டினார். இத்தனை வருஷமாகத் தான் செய்திருக்கவேண்டிய வேலை இது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

நீலம்மா உட்கார்ந்தாள். ஒரு ஹேஷ் குறியை எடுத்தாள். திங்கட்கிழமை டிராக்டர் கிடையாது. எழுந்துவிட்டாள்.

வினய் திரையை மேலும் கீழும் உருட்டினான். ஓர் இடத்தில் எதையோ அழித்தான். புரோகிராம் முழுவதும் நின்றுபோய்ச் சிவப்பாக ஏதோ எழுதிக் காட்டியது. மறுபடி போட்டான். மறுபடி சிவப்பு. அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா, இது கல்லப்பா கடையில வாங்கினது. நீங்க அதை ஆபீஸ்ல மாட்டுவீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள நீங்க ஊரையே கூப்பிட்டு பேடா குடுத்துட்டீங்க. அவ பேரு அடிபட்டப்பவாவது நான் வாயத் தொறந்திருக்கணும்."

சாவ்கார் நாற்காலியில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்கவே நேரம் பிடித்தது.

நீலம்மா வினயை நகரச் சொல்லி அவன் இடத்தில் குனிந்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். திங்கட்கிழமைக்கு டாக்ஸி கிடைத்தது, ஒன்றே ஒன்று.

தேஷ்பாண்டே அவளுடைய மெலிந்த புத்தகத்தை வாங்கினார். பழக்க தோஷத்தில் இடது கையில் வைத்து எடை பார்க்கப் போனவர், சட்டென்று கையை இறக்கி, சான்றிதழ்ப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். வினயிடம், நாளைக் காலைக்குள் நீயாக எழுதியது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கொண்டுவா, பார்க்கலாம் என்றார்.

எழுதித் தருவதாகச் சொன்ன ரிப்போர்ட்டை வத்சலா அங்கேயே எழுதிச் சாவ்காரிடம் நீட்டினாள்: 'இந்தப் புரோகிராமை எழுதியவள் நீலம்மா. சாட்சி, இரண்டு மாடுகள்.'

"வாடிக்கையாளர் பையனையே மாட்டிவிட்ட ஒரே துப்பறியும் நிலையம் நம்மளுதுதான், அக்கா" என்று ஈரண்ணா அவள் காதில் முணுமுணுத்தான்.

செவ்வாய்க்கிழமை வந்த எக்ஸ்டர்னல், லோபோ மேடம், கார்வார்க்காரர். எந்தப் புத்தகத்தையும் எடை பார்க்கவில்லை. நீலம்மாவின் திரையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வரிகளில் விரலை வைத்து, இவை எதற்கு என்று கேட்டார். அவள் மாடுகளிலிருந்து ஆரம்பித்தாள். மேடம் அடுத்த பிள்ளையைக் கூப்பிட மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். வினயும் ஏதோ கொண்டுவந்திருந்தான்: எந்த டிரைவர் எத்தனை டீ குடித்தார் என்று எண்ணும் குட்டிப் புரோகிராம். மதிப்பெண் பெரிதாக வராது. ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

வாசலில் சாவ்கார் காத்திருந்தார். நேற்று நாற்காலியில் உட்கார்ந்து பேசிய மனிதர், இன்று எழுந்து நின்று பேசினார். அவளிடம் தப்பாகப் பேசிவிட்டதாகச் சொன்னார். பிறகு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அந்தக் குறியைப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் டாக்ஸியில் சாய்ந்து நின்ற ஹனுமந்துவும் மற்ற டிரைவர்களும் நீலம்மாவையே பார்த்தார்கள். ஹனுமந்து சாவ்காருக்குத் தெரியாமல் இரண்டு கையையும் கூப்பினார்.

நீலம்மா அவர்களைப் பார்த்தாள். சாவ்காரைப் பார்த்தாள்.

"போடறேன், சாவ்கார். ஆனா யாருக்காக எழுதறோமோ, மொதல்ல அவங்ககிட்ட கேக்கணும். இப்பதான் உள்ளே வைவாவுல மேடம்கிட்ட சொல்லிட்டு வந்தேன்." அவள் டிரைவர்கள் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கண்ணா. உங்களுக்கு எந்தக் கிழமை லீவு வேணும்?"